ஊர் நிகழ்ச்சிகளுக்கு ஒரு திறந்த தரவுத்தளம்: மதுரையை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை. உலகத் தமிழ்ச் சங்கத்தில் கருத்தரங்கு, லட்சுமி சுந்தரம் ஹாலில் கச்சேரி, தமுக்கத்தில் பொருட்காட்சி, கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கான பயிற்சி, ஏதோ ஒரு கோவிலில் தேர், அதே இரவில் ஏதோ ஒரு கிராமத்தில் விடியும்வரை நாடகம். பஞ்சமெல்லாம் தகவலுக்குத்தான். சுவரொட்டி ஒட்டிய தெருவில் நடப்பவருக்குத் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் இருப்பவருக்குத் தெரியும். நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியைப் பார்ப்பவருக்கு அன்று காலைதான் தெரியும். அதற்குள் அவர் வேறு வேலையை ஒப்புக்கொண்டிருப்பார்.

இந்தத் தகவலை யார் வேண்டுமானாலும் சேர்க்கவும், திருத்தவும், எடுத்துப் பயன்படுத்தவும் முடிகிற ஒரே இடத்தில் வைப்பதைப் பற்றியது இந்த வழிகாட்டி. செயலி செய்வது எப்படி என்பதல்ல; இணையதளம் கட்டுவது எப்படி என்பதும் அல்ல. அவற்றுக்கு அடியில் இருக்க வேண்டிய அட்டவணையைப் பற்றி மட்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேகரிப்பதற்கு ஏற்றபடி வடிவமைக்காதீர்கள், திருத்துவதற்கு ஏற்றபடி வடிவமையுங்கள். நூறு நிகழ்ச்சிகள் விட்டுப்போனால் யாரும் கோபப்பட மாட்டார்கள். ரத்தான ஒரு கச்சேரிக்குத் திருமங்கலத்திலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்துவிட்டால், அவர் உங்கள் பட்டியலை மறுபடி திறக்க மாட்டார்.

ஏன் திறந்ததாக இருக்க வேண்டும்

அமெரிக்காவில் ஆண்டி பயோ 2003-இல் 'அப்கமிங்' என்ற தளத்தைத் தொடங்கினார். மக்கள் தங்கள் ஊர் நிகழ்ச்சிகளைத் தாங்களே பதிந்தார்கள். 2005-இல் யாஹூ அதை வாங்கியது; 2013-இல் குறுகிய அவகாசம் கொடுத்து மூடியது. பத்தாண்டுகளாக ஊர் கூடி எழுதிய பதிவுகளை, இணைய ஆவணக் காப்பில் ஈடுபடும் தன்னார்வலர்கள் கடைசி நேரத்தில் ஓடிப்போய் நகலெடுத்தார்கள். மொத்தமாகத் தரவிறக்கிக்கொள்ளும் வசதியும் தெளிவான உரிமமும் முதல் நாளிலிருந்தே இருந்திருந்தால் அந்த ஓட்டம் தேவைப்பட்டிருக்காது. போர்ட்லண்ட் நகரத் தொழில்நுட்பக் குழுக்கள் 2008 முதல் நடத்திய 'காலகேட்டர்' என்ற நிகழ்ச்சி நாட்காட்டி வேறு வழியில் போனது: நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது, நிகழ்ச்சிகளை எந்த நாட்காட்டியிலும் இழுத்துக்கொள்ளலாம். அண்மைக் காலத்தில் பிரான்சின் ஃபிராமாசாஃப்ட் அமைப்பு 2020-இல் வெளியிட்ட 'மொபிலிசான்', பல ஊர்க்காரர்கள் தனித்தனியாக நடத்தும் தளங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழி செய்கிறது.

இவற்றில் ஒன்றை அப்படியே நிறுவிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நிறுவலாம், ஆனால் முதல் வேலையாக அல்ல. மென்பொருள் வந்த பிறகு தரவை ஒழுங்குபடுத்த யாருக்கும் பொறுமை இருக்காது.

முதல் படி: எல்லை

ஒரு பக்கத்துக்கு மேல் போகாத ஒரு விதிமுறைத் தாள் எழுதுங்கள். எந்தப் பரப்பு? மதுரை மாநகராட்சி மட்டுமா, மாவட்டம் முழுவதுமா? மாநகராட்சியோடு நிறுத்தினால் அழகர்கோவிலும் அலங்காநல்லூரும் வெளியே போய்விடும். அவை இல்லாமல் மதுரைப் பட்டியல் எதற்கு? ஆகவே மாவட்டம்.

எது நிகழ்ச்சி? என் பரிந்துரை: பொதுமக்கள் அழைப்பில்லாமல் போகக்கூடியது, குறிப்பிட்ட இடமும் நேரமும் உள்ளது. கட்டணம் இருக்கலாம், முன்பதிவு இருக்கலாம். காதுகுத்து, கல்யாணம், நினைவஞ்சலி வேண்டாம். ஊரே சாப்பிட்டாலும் அது வீட்டு நிகழ்ச்சிதான். ஜவுளிக்கடைத் தள்ளுபடி வேண்டாம். கட்சிப் பொதுக்கூட்டமும் ஆர்ப்பாட்டமும் சேர்ப்பதா என்பதில் சண்டை வரும். சேர்ப்பதென்றால் எல்லாக் கட்சிக்கும் ஒரே வரி, ஒரே வடிவம், தலைவர் பட்டங்கள் இல்லாமல். அது முடியாதென்று தோன்றினால் யாருக்கும் வேண்டாம். இந்த முடிவை முதல் அழைப்பிதழ் வருவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். வந்த பிறகு எழுதினால் அது அந்தக் கட்சிக்கு எதிராக எழுதியதாகத்தான் பார்க்கப்படும்.

இரண்டாம் படி: இடங்களில் தொடங்குங்கள்

எல்லோரும் நிகழ்ச்சியில் தொடங்குவார்கள். நீங்கள் இடத்தில் தொடங்குங்கள். நிகழ்ச்சிகள் வந்து போகும். மண்டபங்களும் மைதானங்களும் அங்கேயே இருக்கும். ஓர் ஊரில் நடப்பதில் பெரும்பகுதி சில டஜன் இடங்களில் நடந்துவிடும். அந்த இடங்களை முதலில் எண்ணிட்டு, பெயரிட்டு, வரைபடத்தில் குறித்துவிட்டால் பின்னால் வரும் வேலை பாதியாகும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெயர்கள் ஏமாற்றும். 'தமிழ்ச் சங்கம்' என்று அழைப்பிதழில் இருக்கும். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் தொடங்கிய மதுரைத் தமிழ்ச் சங்கமா, அரசின் உலகத் தமிழ்ச் சங்கமா? இரண்டும் வெவ்வேறு சாலைகளில் இருக்கின்றன. 'தமுக்கம்' என்றால் மைதானமா, அங்கே கட்டப்பட்டிருக்கும் மாநாட்டு மையமா? பக்கத்திலிருக்கும் காந்தி நினைவு அருங்காட்சியகம்கூட ஒரு காலத்தில் தமுக்கம் அரண்மனைதான். 2024 ஜனவரியில் அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. கணினியிடம் 'கீழக்கரை' என்று மட்டும் கொடுத்தால் அது ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரில் புள்ளி வைத்துவிடும்.

ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண், முறையான பெயர், மக்கள் அழைக்கும் மற்றப் பெயர்கள், ஆங்கிலத்தில் எழுதப்படும் விதங்கள், பகுதி, அகலாங்கு, நெட்டாங்கு, சக்கர நாற்காலி போகுமா, அருகிலுள்ள பஸ் நிறுத்தம். கடைசி இரண்டையும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று விட்டுவிடாதீர்கள். வயதானவர்கள் கச்சேரிக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வதே அவற்றை வைத்துத்தான்.

ஆயத்தொலைவுகளை எங்கிருந்து எடுப்பது? கூகுள் மேப்ஸிலிருந்து மொத்தமாக எடுத்துத் திறந்த தரவுத்தளத்தில் போட அதன் விதிமுறைகள் இடம் தருவதில்லை. மக்கள் கூடி வரையும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுக்கலாம், ஆனால் அதன் உரிமத்தில் நிபந்தனை உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம். சிக்கலில்லாத வழி, நேரில் போய்க் கைபேசியில் பார்த்துக் குறித்துக்கொள்வது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு சக்கர வண்டியில் நான்கைந்து பேர் பிரிந்து போனால் நகர எல்லைக்குள் இருக்கும் முக்கிய அரங்குகள் முடிந்துவிடும். விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான திறந்த தரவுத்தளம் விக்கிதரவில் அந்த இடத்துக்கு உருப்படி இருந்தால் அதன் எண்ணையும் அட்டவணையின் ஒரு பத்தியில் (நெடுவரிசையில்) சேருங்கள். உலகின் மற்றத் தரவுகளோடு உங்கள் பட்டியலை அந்த ஒற்றை எண் இணைத்துவிடும்.

மூன்றாம் படி: அட்டவணைகள்

நான்கு போதும்: இடம், அமைப்பாளர், விழா, நிகழ்ச்சி.

விழா ஏன் தனி? சித்திரைத் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். மீனாட்சியம்மன் கோவிலில் பன்னிரண்டு நாள்: கொடியேற்றம், எட்டாம் நாள் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், பதினோராம் நாள் தேர். இது ஒரு கோவில் நிர்வாகம். அழகர்கோவிலிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு வருவது, எதிர்சேவை, சித்ரா பௌர்ணமியன்று வைகையில் இறங்குவது, வண்டியூர், தேனூர் மண்டபம், ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம், இவையெல்லாம் இன்னொரு நிர்வாகம். வழியில் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஊர் இதை ஒரே திருவிழா என்கிறது. ஒரே வரியில் 'சித்திரைத் திருவிழா' என்று எழுதி இருபது நாள் நீளத்துக்குத் தேதி போட்டால் அதனால் யாருக்கும் பயனில்லை. விழா ஒரு பதிவு. அதற்குள் நடப்பவை ஒவ்வொன்றும் தனி நிகழ்ச்சி, தனக்கென இடமும் நேரமும் அமைப்பாளரும் கொண்டது. புத்தகத் திருவிழாவும் இப்படித்தான்: பத்து நாள் கடைகள் ஒரு பதிவு, ஒவ்வொரு மாலைச் சொற்பொழிவும் ஒரு பதிவு.

ஒரு நிகழ்ச்சிப் பதிவு இப்படி இருக்கும்:

எண்: ம-00417
தலைப்பு: கள்ளழகர் வைகையில் எழுந்தருளல்
விழா: வி-0003 (சித்திரைத் திருவிழா 2025)
இடம்: இ-0021
அமைப்பாளர்: அ-0008
தொடக்கம்: 2025-05-12, காலை
துல்லியம்: காலை அல்லது மாலை
அச்சிட்ட கிழமை: திங்கள்
கட்டணம்: இல்லை
நிலை: நடக்கும்
மூலம்: கோவில் அழைப்பிதழ்
கடைசியாகச் சரிபார்த்தது: 2025-05-10

எண்ணில் எந்தப் பொருளையும் திணிக்காதீர்கள். தேதியையும் இடத்தையும் சேர்த்து எண் உருவாக்கினால், தேதி மாறும்போது எண் பொய்யாகிவிடும். ஒருமுறை கொடுத்த எண்ணை, பதிவு நீக்கப்பட்டாலும் வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

எங்கே வைப்பது என்ற கேள்விக்கு மென்பொருள் ஆர்வலர்கள் மாதக்கணக்கில் விவாதிப்பார்கள். விரிதாளில் தொடங்குங்கள். சில ஆயிரம் வரிகள் வரை அதுவே போதும். நாள்தோறும் அதன் நகலைக் காற்புள்ளி பிரித்த எளிய உரைக் கோப்புகளாக கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் தளங்களான கிட்ஹப்பிலோ கோட்பெர்க்கிலோ ஏற்றுங்கள். யார் எதை எப்போது மாற்றினார் என்ற வரலாறு இலவசமாகக் கிடைத்துவிடும். அந்தக் கோப்பை எக்செல்லில் நேரடியாகத் திறப்பவர்களுக்குத் தமிழெல்லாம் பூச்சி பூச்சியாகத் தெரியலாம். கோப்பைச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 (ஒருங்குறி எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறை) என்ற அடையாளக் குறியைத் தொடக்கத்தில் சேர்த்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தள மென்பொருள்களை, ஒரே நேரத்தில் பலர் திருத்தி ஒருவர் வேலையை இன்னொருவர் அழிக்கும் நிலை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: தேதி என்னும் தலைவலி

மேல்நாட்டு மென்பொருள்கள் 'ஆண்டுதோறும் இதே தேதி', 'மாதத்தின் இரண்டாம் சனி' என்பவற்றை அழகாகக் கையாளும். நம் ஊரின் பெரிய நிகழ்ச்சிகளில் முக்கால்வாசி அந்த விதிகளுக்குள் வராது. அழகர் ஆற்றில் இறங்கியது 2023-இல் மே 5, 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 12. தெப்பத் திருவிழா தைப்பூசத்தை ஒட்டி வரும். அவனியாபுரம் ஜல்லிக்கட்டு தை 1, பாலமேடு தை 2, அலங்காநல்லூர் தை 3 என்பது மாறாத வழக்கம். ஆனால் தை 1 என்பது 2024-இல் ஜனவரி 15, 2025-இல் ஜனவரி 14. புனித வெள்ளி ஆண்டுக்கு ஆண்டு நகரும். தர்கா சந்தனக்கூடு பிறையைப் பொறுத்தது.

இதற்கு நான் பரிந்துரைப்பது: திரும்ப வரும் விதியை விழா அட்டவணையில் சொற்களாக மட்டும் எழுதிவைக்க வேண்டும், 'சித்ரா பௌர்ணமி' என்றோ 'தை 2' என்றோ. நிகழ்ச்சி அட்டவணையில் அந்த ஆண்டின் உண்மையான தேதியை, அறிவிப்பு வந்த பிறகு, மனிதர் கையால் இட வேண்டும். பஞ்சாங்கத்திலிருந்து தேதியைக் கணித்து நிரப்ப ஆசை வரும். வேண்டாம். வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு கணக்குகள் இருக்கின்றன. 2025 மார்ச்சில் சனிப்பெயர்ச்சி என்று ஒரு தரப்பு கொண்டாட, திருநள்ளாறு கோவிலோ வாக்கியப்படி அது 2026-இல்தான் என்று அறிவித்தது. எது சரி என்று தீர்ப்புச் சொல்வது தரவுத்தளத்தின் வேலையல்ல. அமைப்பாளர் சொன்ன தேதிதான் தேதி.

நம் அழைப்பிதழ்கள் இதற்கு ஓர் அருமையான உதவி செய்கின்றன. தமிழ் ஆண்டு, மாதம், நாள், கிழமை, ஆங்கிலத் தேதி எல்லாவற்றையும் அச்சிடுவார்கள்: விசுவாவசு, சித்திரை 29, திங்கட்கிழமை, 12.5.2025. ஒரே தகவல் மூன்று முறை. அதனால்தான் மேலே 'அச்சிட்ட கிழமை' என்றொரு பத்தி வைத்தேன். தேதியிலிருந்து கணினி கணக்கிடும் கிழமையும் அச்சிட்ட கிழமையும் பொருந்தாவிட்டால் அந்த வரி சிவப்பாகட்டும். போன ஆண்டு அழைப்பிதழையே எடுத்துத் திருத்தி அச்சிடும் பழக்கத்தால் வரும் பிழைகளை இந்த ஒரு பத்தி பிடித்துவிடும். நான்கு இலக்கத்தில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள் என்ற வரிசையில் மட்டும் எழுதுங்கள். 5/4 என்று எழுதினால் சில விரிதாள்கள் அதை மே 4 என்று எடுத்துக்கொள்ளும்.

இரவு நிகழ்ச்சிகளில் இன்னொரு பள்ளம். '12-ஆம் தேதி இரவு 1 மணி' என்று ஊரில் சொன்னால் அது நாட்காட்டிப்படி 13-ஆம் தேதி. இரவு பத்துக்குத் தொடங்கி விடியற்காலை முடியும் இசை நாடகத்துக்கு முடிவுத் தேதி அடுத்த நாள். பதிவு செய்பவர் நாட்காட்டித் தேதியை இட வேண்டும். தலைப்புக்குக் கீழே '12-ஆம் தேதி இரவு, விடிந்தால் 13' என்று மனிதர்களுக்காக ஒரு வரி எழுத வேண்டும். நேர மண்டலத்தை 'ஆசியா, கொல்கத்தா' என்று பெயராலேயே குறியுங்கள். ஊர்க்காரர்களுக்கு அது தேவையில்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு நேரலை பார்க்கக் காத்திருக்கும் மதுரைக்காரர்களுக்குத் தேவை.

'துல்லியம்' என்ற பத்தியையும் விட்டுவிடாதீர்கள். சரியான நேரம், நேர இடைவெளி, காலை அல்லது மாலை, நாள் மட்டும் என நான்கு நிலைகள் போதும். 'மாலை 6 மணி அளவில்' என்பதை 18:00 என்று மாற்றி எழுதினால் இல்லாத துல்லியத்தை நீங்களாகக் கொடுத்தது ஆகிறது.

ஐந்தாம் படி: எழுத்து

ஒருங்குறி (யூனிகோடு) வந்துவிட்டதால் தமிழ்ச் சிக்கல் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் தேடுபொறி எழுதிப் பார்க்காதவர்கள். 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. இதை என்எஃப்சி என்ற நெறிப்படுத்தல் சரிசெய்துவிடும். எல்லா நிரல்மொழியிலும் இருக்கிறது. பதிவு உள்ளே வரும்போதே ஓட்டிவிடுங்கள். அதற்குப் பிடிபடாதவையும் உண்டு. 'ஸ்ரீ' என்பதை 'ஸ'வை வைத்தும் எழுதுகிறார்கள், 'ஶ'வை வைத்தும் எழுதுகிறார்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் வேறுபாடு தெரியாது. சபாக்களின் பெயரிலும் கோவில் பெயரிலும் 'ஸ்ரீ' இல்லாத இடம் எது? 'ஔவை' என்பதை 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டு 'ஒளவை' என்று தட்டச்சு செய்பவர்கள் ஏராளம். 'கௌரி', 'கெளரி' கதையும் அதேதான். இவற்றுக்குச் சொந்தமாக ஒரு சிறிய மாற்றுப்பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும்.

அச்சகத்தில் கேட்டால் அழைப்பிதழின் மூலக் கோப்பைத் தருவார்கள். திறந்தால் ஒருங்குறிக்கு முந்தைய பாமினி எழுத்துருவிலோ டேப், டேம் குறிமுறையிலோ இருக்கும். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியையும் டேஸ்-16 முறையையும் தரமாக அறிவித்துவிட்டது. அச்சகக் கணினிகளுக்கு அந்த அரசாணை இன்னும் போய்ச் சேரவில்லை. மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. படமாக வரும் அழைப்பிதழ்களுக்கு டெசராக்ட் எழுத்துணரி தமிழையும் படிக்கும் என்றாலும், வளைவு நெளிவான அலங்கார எழுத்தில் தடுமாறும். தேவையானது ஏழெட்டுச் சொற்கள். தட்டச்சு செய்துவிடுவதே விரைவு.

ஆறாம் படி: திரட்டுதலும் சட்டமும்

எங்கிருந்து எடுக்கலாம்? அமைப்பாளரின் அழைப்பிதழ், கோவில் அலுவலக அறிவிப்பு, நூலக அறிவிப்புப் பலகை, மாவட்ட நிர்வாகச் செய்திக் குறிப்பு, மண்டபத்தின் மாத அட்டவணை. நாளிதழ்ப் பகுதியைத் துப்பாகப் பயன்படுத்துங்கள், அதைப் பார்த்து அமைப்பாளரிடம் கேளுங்கள். நாள்தோறும் அப்படியே வரிக்கு வரி எடுத்துப் போடாதீர்கள்.

'இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இன்னார் பாடுகிறார்' என்பது வெறும் செய்தி. அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, தொகுப்புகளையும் கணினித் தரவுத்தளங்களையும் இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. தொகுப்புக்கு உரிமை கிடைக்க வெறும் உழைப்பு போதாது, தேர்விலும் அமைப்பிலும் ஓரளவாவது சுயசிந்தனை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் சொன்னது. நடைமுறையில் இதன் பொருள்: தகவலை எடுக்கலாம், அழைப்பிதழின் வருணனை, புகைப்படம், ஓவியம் ஆகியவற்றை எடுக்கக் கூடாது. விவரிப்பு வேண்டுமென்றால் இரண்டு வரியில் நீங்களே எழுதுங்கள். 'முத்தமிழ் வித்தகர்', 'சொல்லின் செல்வர்' வகையறாவும் இதில் தானாகவே கழன்றுவிடும்.

அழைப்பிதழின் அடியில் நான்கைந்து கைபேசி எண்கள் இருக்கும். அவை தனிமனிதர்களின் எண்கள். ஊரில் சுவரில் ஒட்டியிருக்கிறது என்பதற்காக, கணினி மொத்தமாக வாரிக்கொள்ளும் கோப்பில் அவற்றைப் போடக் கூடாது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனத்தில் வையுங்கள். அமைப்பின் பொது எண், மின்னஞ்சல் மட்டும் திறந்த தரவில். சரிபார்க்க உங்களுக்குத் தேவைப்படும் எண்கள் தனியாக, பூட்டிய கோப்பில்.

ஏழாம் படி: சரிபார்ப்பும் நிலையும்

ஒரே விதி: மூலம் இல்லாத பதிவு உள்ளே வராது. 'யாரோ சொன்னார்கள்' என்பது மூலமல்ல. பதிவு நுழையும்போது ஒருமுறை, நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு ஒருமுறை பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் இரண்டாம் முறை பார்க்க ஆள் இருக்காது. டிக்கெட் உள்ளவை, வெளியூரிலிருந்து மக்கள் வருபவை, திறந்தவெளியில் நடப்பவை ஆகியவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்றாவது வகை பாதி கலைந்துவிடும்.

'நிலை' பத்திக்கு நீங்களாகச் சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டாம். கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ 2011-இல் சேர்ந்து தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் என்ற, தேடுபொறிகளுக்குப் புரியும்படி தகவலைக் குறிக்கும் சொற்தொகுதியில் ஐந்து நிலைகள் இருக்கின்றன: நடக்கும், வேறு தேதிக்கு மாற்றப்பட்டது, தேதி சொல்லாமல் தள்ளிவைக்கப்பட்டது, ரத்து, இணையத்துக்கு மாற்றப்பட்டது. ஐந்தாவது 2020-இல் கொரோனா நேரத்தில் அவசரமாகச் சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டு மதுரையே அதற்கு உதாரணம்: மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் கோவிலுக்குள் நடந்து இணையத்தில் ஒளிபரப்பானது, அழகர் வைகையில் இறங்கவில்லை. ஒரே விழாவுக்குள் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு நிலை, இன்னொன்றுக்கு வேறு நிலை. விழாவைத் தனி அட்டவணையாக வைக்கச் சொன்னதன் பயன் அப்போது தெரியும்.

ரத்தான நிகழ்ச்சியை அழிக்கக் கூடாது என்பதை எல்லாத் திருத்துநர்களுக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். அழித்தால், ஏற்கெனவே பட்டியலைத் தரவிறக்கியவரின் கைபேசியில் அது 'நடக்கும்' என்றே கிடக்கும். வரியை வைத்துக்கொண்டு நிலையை மாற்றினால்தான் 'ரத்து' என்ற செய்தி அவரைச் சென்றடையும்.

இரட்டைப் பதிவுகள் நிச்சயம் வரும். அமைப்பாளர் ஒருமுறை அனுப்புவார், மண்டபக்காரர் ஒருமுறை, பாடகரின் ரசிகர் ஒருமுறை, மூன்று தலைப்பில். தலைப்புகளை ஒப்பிட்டு இவற்றைப் பிடிக்க முடியாது. ஒரே இட எண், ஒரே நாள், ஒரு மணி நேரத்துக்குள் தொடக்கம் என்றால் கணினி எச்சரிக்கட்டும். இணைப்பதை மனிதர் செய்யட்டும். இடங்களை முதலில் எண்ணிட்டது இங்கேயும் கைகொடுக்கும்.

எட்டாம் படி: உரிமம்

'இலவசம்' என்று எழுதினால் போதாது. மூன்று தேர்வுகள் உண்டு. சிசி-0 (சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸ்): எந்த நிபந்தனையும் இல்லை, 2012-இல் தொடங்கிய விக்கிதரவு இதில்தான் இருக்கிறது. சிசி-பிஒய்: பெயரைக் குறிப்பிட வேண்டும். ஓடிபிஎல் (திறந்த தரவுத்தள உரிமம்): பெயரும் குறிப்பிட வேண்டும், மேம்படுத்திய தரவுத்தளத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012 முதல் இதற்கு மாறியது.

நான் சிசி-0 பக்கம். நிகழ்ச்சித் தகவல் பரவுவதே நோக்கம். நூலகப் பலகையில் ஒட்டுபவரும் ஆட்டோ ஓட்டுநர் குழுவில் அனுப்புபவரும் பெயர் போடவில்லையே என்று யாரைத் துரத்தப்போகிறோம்? பெருநிறுவனம் எடுத்துக்கொள்ளுமே என்ற அச்சம் நியாயமானது. அது முக்கியமென்றால் ஓடிபிஎல் எடுங்கள். ஆனால் சிசி-0 என்று முடிவு செய்தால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து இடங்களை மொத்தமாக அள்ளி உள்ளே சேர்க்க முடியாது. அதன் நிபந்தனை உங்கள் அட்டவணையையும் பற்றிக்கொள்ளும். நேரில் போய்க் குறிக்கச் சொன்னதற்கு இதுவே காரணம். உரிமத்தை முதல் நாளே முடிவு செய்யுங்கள். முந்நூறு பேர் பங்களித்த பிறகு மாற்ற வேண்டுமென்றால் முந்நூறு பேரிடமும் சம்மதம் கேட்க வேண்டும்.

ஒன்பதாம் படி: வெளியே கொடுப்பது

தரவுத்தளத்தைத் தேடி யாரும் வர மாட்டார்கள். அது அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். மொத்தக் கோப்பு தரவிறக்கம் கட்டாயம். அடுத்தது ஐகேலண்டர் வடிவம்: 1998-இல் தரமாகி 2009-இல் திருத்தப்பட்டது, ஏறக்குறைய எல்லாக் கைபேசி நாட்காட்டியும் படிக்கும். நிகழ்ச்சிக்கு மாறாத அடையாள எண் தரச் சொல்லும். உங்கள் 'ம-00417' அங்கே போகும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வரிசை எண்ணை ஒன்று கூட்டுங்கள், இல்லாவிட்டால் சில நாட்காட்டிகள் பழைய நேரத்தையே காட்டும். தமிழுக்கென ஒரு கண்ணி இதில் உண்டு: அந்த வடிவத்தில் ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் போகக் கூடாது, மடிக்க வேண்டும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். ஆங்கிலத்தை மட்டும் நினைத்து எழுதிய நிரல்கள் எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடும். தலைப்பின் பாதியில் கேள்விக்குறி முளைக்கும். நீளமான தலைப்பு ஒன்றைப் போட்டுச் சோதித்துவிட்டு நிரலைத் தேர்ந்தெடுங்கள்.

இவற்றோடு தினம் காலை வாட்ஸ்அப், டெலிகிராமுக்கு ஓர் உரைச் செய்தி, வாரம் ஒருமுறை அச்சிட்டு ஒட்ட ஏ4 தாள் ஒன்று. கிளை நூலகங்களின் பலகையில் அந்தத் தாளுக்குக் கிடைக்கும் வாசகர் எண்ணிக்கையை எந்தச் செயலியும் முதல் ஆண்டில் எட்டாது.

பத்தாம் படி: ஆட்கள்

ஐந்து பேர் போதும், ஆனால் பிரிவினை பகுதி வாரியாக இருக்க வேண்டும், தொழில்நுட்ப வாரியாக அல்ல. கோவில் விழாக்களை அறிந்த ஒருவர், இசை நாட்டியம் ஒருவர், இலக்கியக் கூட்டங்களும் நூலகங்களும் ஒருவர், பள்ளி கல்லூரியும் விளையாட்டும் ஒருவர், கிராமங்கள் ஒருவர். கடைசி ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் வேரூன்றியவராக இருக்க வேண்டும், மாட்டுத்தாவணியில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய முடியாது. வெளியார் அனுப்பும் பதிவுகள் படிவம் வழியாக வந்து காத்திருக்கட்டும். தொடர்புடைய திருத்துநர் ஒப்புக்கொண்ட பிறகே உள்ளே.

பணம் வாங்கிக்கொண்டு எந்த நிகழ்ச்சியையும் மேலே தூக்கக் கூடாது. நன்கொடை வாங்கலாம். வரிசை எப்போதும் நேரப்படி மட்டும். யார் தலைமை தாங்குகிறார் என்பதைப் பொறுத்து வரிசை மாறத் தொடங்கினால் அது விழா மேடை நாற்காலி வரிசையாகிவிடும்.

முடிந்த நிகழ்ச்சிகளை நீக்க வேண்டாம். இரண்டாம் ஆண்டில் அவைதான் உங்கள் வேலையைக் குறைக்கும்: போன சித்திரையின் பதிவுகளை நகலெடுத்து, தேதியையும் நேரத்தையும் காலியாக்கி, நிலையை 'தேதி அறிவிக்கப்படவில்லை' என்று வைத்தால், எதையெல்லாம் கேட்டு நிரப்ப வேண்டும் என்ற பட்டியல் தயார். இந்த ஆறாவது நிலை உங்கள் உள்வேலைக்கு மட்டும்; வெளியே போகும் கோப்பில் அந்த வரிகள் இருக்கக் கூடாது.

மாதம் ஒருமுறை முழுக் கோப்பையும் இணையத்தின் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றுங்கள். தள முகவரியின் புதுப்பிப்பு, கோப்புகளின் கடவுச்சொல், பூட்டிய தொடர்பு எண்கள் ஆகியவை குறைந்தது இருவர் பெயரில், இருவர் கையில் இருக்க வேண்டும். அந்த இருவரும் ஒரே வீட்டில் இருப்பவர்களாக இருக்கக் கூடாது. வெளியூருக்கு மாற்றல் வந்தால் சேர்ந்தேதான் போவார்கள்.